தொட்டில் அறைக்குப் போட்ட பூட்டு

கல்யாணமாகி நான் சாமல்பட்டிக்கு வந்தபோது மழை பொய்த்த வருஷங்கள் நடந்துகொண்டிருந்தன. பிறந்த வீடு மத்தூர். அங்கே மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்தேன். அதைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் கேங் கூலி வேலை. தண்டவாளத்தை ஒட்டி ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். விடியும் முன்பே சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு லைன் பார்க்கக் கிளம்பினால், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மைலோ சோளம் போட்ட காலம். பாரூர் ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டில் மட்டும் நெல் இருந்தது. மற்ற எல்லாரும் கூலி எங்கே கிடைக்கும் என்று அலைந்தார்கள். நானும் அலைந்தேன். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த கல்மாவு மில்லில் கிடைத்தது.

வெங்கச்சாங்கல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். காடு மேடெல்லாம் கிடக்கிற வெள்ளைக் கல். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக் கரடுகளிலிருந்து லாரியில் வந்து இறங்கும். அதை உடைத்து, அரைத்து, சலித்து, மூட்டை கட்டி வேகனில் ஏற்றுவோம். எங்கோ தூரத்தில் ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கிப் பீங்கானும் கண்ணாடியும் செய்கிறது என்று கேள்வி. அந்தக் கம்பெனியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மில் முதலாளியையே அதிகம் பார்த்ததில்லை. அவர் இருந்தது பெங்களூரில். எப்போதாவது ஓசூர் வழியாகக் காரில் வருவார். மேனேஜர் அறையில் உட்கார்ந்து கன்னடத்தில் பேசிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார்.

அரைக்கிற இடத்தில் ஆண்கள், சலிக்கிற கொட்டகையில் பெண்கள். மாவு பறக்கும். தலையில் விழும், இமையில் உட்காரும், சோற்றுத் தூக்கைத் திறந்தால் அதிலும் விழும். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வோம். சாயங்காலம் வெளியே வந்தால் எல்லாரும் ஒரே நிறமாக இருப்போம். குளித்தாலும் காதுக்குள் மிச்சமிருக்கும்.

அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் கைப்பிள்ளைக்காரிகள். வீட்டில் விட்டுவர ஆளில்லாதவர்கள் கொட்டகை விட்டத்தில் பழைய புடவையால் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பார்கள். ஏணையில் கட்டிய கயிற்றின் நுனி கால் கட்டைவிரலில் இருக்கும். கையால் சல்லடையை ஆட்ட, காலால் பிள்ளையை ஆட்ட, நாள் போகும்.

எனக்குப் பக்கத்தில் சலித்தவள் ஒரு தெலுங்குக்கார அக்கா. பர்கூருக்கு அந்தப் பக்கம் ஏதோ கரட்டு ஊர். நிலம் காய்ந்துபோய்ப் புருஷன் லாரிக்குக் கல் ஏற்றப் போனான், இவள் மில்லுக்கு வந்தாள். மூன்று பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். மிஞ்சிய பெண் குழந்தை ஏணையில் கிடந்தது. தமிழையும் தெலுங்கையும் கலந்தடித்து ஓயாமல் பேசுவாள். என் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து எனக்கு ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்பது வரைக்கும் அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும். எனக்கு அவள் பேச்சு இல்லாமல் பொழுது போகாது.

மேனேஜர் சேலத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார், கத்த மாட்டார். ஒரு நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ படிச்ச பொண்ணுதானேம்மா?"

"எட்டாவது சார்."

"போதும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வரப் போறார். அம்பது பொம்பளைங்களுக்கு மேல வேலை செஞ்சா பிள்ளைங்களுக்குன்னு தனி ரூம் வேணுமாம். போன தடவையே கேட்டுட்டுப் போனார். முதலாளியும் கட்டிட்டார். அதுக்கு ஒரு ஆயாவக் காட்டணும். வெள்ளைப் புடவை ஒண்ணு கட்டிக்கிட்டு வந்துடு."

கிணற்றோரம் ஓடு வேய்ந்து, வெள்ளையடித்து, பூட்டிக் கிடந்த அறையை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். முதலாளி வந்தால் படுத்து எழுவதற்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம்.

"அப்ப சலிக்கிற வேலை சார்?"

"அன்னிக்கு ஒரு நாளைக்குத்தாம்மா ஆயா. மறுநாள் எப்பவும் போலச் சலிக்கப் போயிடு."

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில் அறையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே புது வார்னிஷ் வாசனையோடு மரத் தொட்டில்கள் வரிசையாக இருந்தன. ஜன்னலுக்கு வலை அடித்திருந்தது. மூலையில் மண்பானை நிறையத் தண்ணீர். ஒரு தகரப் பெட்டியில் கிலுகிலுப்பையும் மரப்பொம்மைகளும். பிள்ளைகளைக் கிணற்றடியில் குளிப்பாட்டிக் கொண்டுவந்து போட்டோம். கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கிப் போனார்கள். கொட்டகையில் அந்தப் பிள்ளைகள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. அங்கே தூங்குவார்கள், இருமி எழுவார்கள், சிணுங்குவார்கள், மறுபடி தூங்குவார்கள். இங்கே வாயைத் திறந்துகொண்டு, கையைக் காலை விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

மத்தியானம் பால் கொடுக்க வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "நிஜமாவே தூங்குதா?" என்றாள். கிட்டே போய்ப் பிள்ளையின் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். எழுப்ப மனமில்லாமல் அப்படியே திரும்பிப் போனாள்.

இன்ஸ்பெக்டர் வயதானவர். வெயிலில் ஜீப்பில் வந்து சட்டையெல்லாம் புழுதி. தொட்டில்களைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "தினமும் இத்தனை பிள்ளைங்களும் வருதாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர், "எல்லாம் வருது சார், பாருங்களேன்" என்றார். இன்ஸ்பெக்டர் என் புதுப் புடவையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது.

சாயங்காலம் மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கும் இங்கயே போடலாமா சார்? அதான் ரூம் இருக்குதே" என்றேன்.

"முதலாளி உத்தரவும்மா. பிள்ளைங்க அழுக்காக்கிட்டா அடுத்த தடவைக்கு மறுபடி வெள்ளையடிக்கணும். நான் என்ன செய்யட்டும்?"

மறுநாள் காலையில் ஏணைகள் பழையபடி விட்டத்தில் ஏறின. எதிர்த்துக் கேட்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. களைத்துப்போயிருந்தோம். வேலை போய்விட்டால் வேறு எங்கே போவது என்பது எல்லார் மனதிலும் இருந்தது.

கொஞ்ச நாளில் புதுச் சல்லடைகள் வந்தன. கண் மிகவும் பொடியானவை. வாங்குகிற கம்பெனிக்கு மாவு இன்னும் நைசாக வேண்டுமாம். அந்தச் சல்லடையில் விழுந்த மாவு, மாவு மாதிரியே இல்லை, புகை மாதிரி எழுந்தது. கீழே இறங்கவே இறங்காது. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடியில் இருப்பவள் யார் என்று தெரியாது. வீட்டில் என் இருமலைக் கேட்டு வீட்டுக்காரர், "உனக்கு இந்த வேலை வேணாம், விட்டுடு" என்றார். மறுநாள் வீட்டில் சோளமாவு தீர்ந்திருந்தது. அவரும் மறுபடி சொல்லவில்லை, நானும் விடவில்லை.

அக்காவின் பிள்ளை ஓயாமல் இருமும். அந்த இருமலுக்கு எங்கள் காது பழகிப்போயிருந்தது. ஒரு நாள் காலையில் அது நின்றுவிட்டது. அக்கா காலால் ஏணையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். என்னவோ தோன்றி, கயிற்றை உதறிவிட்டு எழுந்து புடவையை விலக்கிப் பார்த்தாள். அவள் போட்ட சத்தம் அரவை இயந்திரச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

பிள்ளையின் உதடு நீலம் பூத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அக்கா அதைத் தூக்கக்கூடச் செய்யாமல் நின்றாள். நான் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். சளி கட்டிய பிள்ளைக்கு மூக்கை உறிஞ்சி எடுப்பதை மத்தூரில் பார்த்திருக்கிறேன். மூக்கில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பினேன். பிசின் மாதிரி கெட்டியாக, வெள்ளையாக வந்தது. நறநறவென்று என் பல்லில் பட்டது. திரும்பத் திரும்ப உறிஞ்சினேன். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். ஒரு விக்கல் வந்தது. பிறகு இருமல். பிறகு அழுகை. அந்த அழுகையைக் கேட்டதும் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா அழவில்லை. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினாள். பத்தடி தள்ளி அந்த வெள்ளை அறை பூட்டிக் கிடந்தது. போய் அதன் படியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள். வா என்று யாரையும் கூப்பிடவில்லை. கொட்டகையிலிருந்து ஒவ்வொருத்தியாக ஏணையிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிள்ளை இல்லாதவர்களும் வந்தார்கள். சல்லடைச் சத்தம் நின்றது. நானும் ஈரப் புடவையோடு போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு கூட்ஸ் ஷெட் சைடிங்கில் வேகன் வந்து நின்றிருந்தது. சாயங்காலத்துக்குள் ஏற்றாவிட்டால் ரயில்வே அபராதம் போடும், அதற்குப் பிறகு அடுத்த வேகன் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. புதுச் சல்லடையில் சலித்த முதல் லோடு என்பதால், மாவைப் பார்த்து அனுப்ப அந்தப் பெரிய கம்பெனியிலிருந்தே ஒருவர் வந்திருந்தார்.

மேனேஜர் ஓடிவந்தார். "என்னம்மா இது? எந்திரிங்க எல்லாரும். மூட்டை பாதிகூட ஆகலை."

"ரூமைத் தொறந்து விடுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என் கையில இல்லம்மா."

சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. எல்லாரும் அதையே பார்த்தோம். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"சாவியைச் சொல்லலை" என்றார். "உத்தரவைச் சொன்னேன்."

அவர் பின்னாலேயே கம்பெனிக்காரரும் வந்தார். பேன்ட் சட்டை, பளபளக்கும் ஷூ, மூக்கில் கைக்குட்டை. வயது முப்பது முப்பத்தைந்துக்குள் இருக்கும். பட்டணத்துத் தமிழ். "என்ன மேனேஜர், ஸ்ட்ரைக்கா?" என்றார். அக்கா எழுந்தாள். பிள்ளையை அவர் முன்னால் நீட்டினாள். "சூடண்டி, சூடண்டி" என்றாள், பாருங்க பாருங்க என்று. பிள்ளையின் கழுத்து மடிப்பில் விரலை விட்டு வழித்து, விரலில் ஒட்டியிருந்த வெள்ளை மாவை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். தெலுங்கில் என்னவோ கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"இது போதுமா, இன்னும் நைசா வேணுமான்னு கேக்குது சார்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "இதை ஏம்மா எங்கிட்டக் கேக்கறீங்க? நாங்க மாவு வாங்கறவங்க. மில்லு எங்களுது இல்லையே. உங்க முதலாளிய இல்ல கேக்கணும்?"

"நைசா வேணும்னு சொன்னது நீங்கதானே சார்?"

"அது குவாலிட்டி விஷயம்மா. எங்க ஆபீஸ்ல மாவைப் பத்திதான் கேப்பாங்க. இதையெல்லாம் பத்திக் கேக்க மாட்டாங்க." பொய் சொல்கிறவர் மாதிரி அவர் பேசவில்லை. தெரிந்ததைச் சொன்னார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். பிள்ளையை ஒரு தடவை பார்த்தார், வேகன் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "என்ன சார் பூட்டு அது? தொறந்துவிட்டுட்டு வேலையைப் பாருங்க. லோடு போகலைன்னா நான் பதில் சொல்லணும்" என்றார்.

மேனேஜர் பூட்டைத் திறந்தார். சாவியை என் கையில் கொடுத்து, "நீயே இருந்துக்கம்மா" என்றார். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வேகன் நிறைந்தது. எழுந்து போய்ச் சலித்தவர்களில் அக்காவும் இருந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அந்த அறை திறந்திருந்தது. நான் ஆயாவாகவே இருந்தேன். நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அப்போதும் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழும், ஒரே நேரத்தில் ஈரம் பண்ணும். பால் கொடுக்க வரும் தாய்மார்கள் உடம்பெல்லாம் மாவோடு வருவார்கள். வாசலில் தண்ணீர் வைத்து, முகத்தையும் மாரையும் கழுவிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நேரமாகிறது என்று கொட்டகை மேஸ்திரி அவர்களைத் திட்டுவான், அவர்கள் வந்து என்னைத் திட்டுவார்கள். அக்காவின் பிள்ளை தொட்டில் காலைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டது. நடக்கக் கற்றுக்கொண்டது. என்னை அம்மா என்று கூப்பிட்டு, நிஜ அம்மாவிடம் அடி வாங்கியது.

பிள்ளைகளின் இருமல் குறைந்தது. தாய்மார்களுடையது குறையவில்லை. கொட்டகை அப்படியேதானே இருந்தது. அக்கா படி ஏறினால் மூச்சு வாங்கினாள். பேச்சு குறைந்துபோயிற்று. ஒரு வாக்கியம் பேசினால் நிறுத்தி மூச்சு விட்டு அடுத்ததைச் சொல்வாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டி.பி. மாதிரி இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைக்கு நோய் கேட்கவில்லை. மேனேஜரிடம் சொன்னபோது, "அவங்க வீட்டுல யாருக்காவது இருந்திருக்கும்மா" என்றார்.

ஒரு நாள் முதலாளியின் கார் வந்தது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, கிணற்றடியில் காய்ந்துகொண்டிருந்த பிள்ளைத் துணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் கொத்தனார்கள் வந்தார்கள். கொட்டகைக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். அந்தப் பக்கத்துக்கு இன்னொரு கேட் வைத்தார்கள். இந்த கேட்டில் முதலாளி பேரில் ஒரு போர்டு, அந்த கேட்டில் அவர் மனைவி பேரில் ஒரு போர்டு. எங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, இனி இது வேறு மில், அது வேறு மில் என்றார்கள். எதிலும் ஐம்பது பெண்கள் இல்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். சுவரில் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. அதில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு மில்லா?"

"ரெண்டு மில்லு சார்" என்றார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் விரலைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். இந்தத் தடவை காபிகூடக் குடிக்கவில்லை.

தொட்டில்களை எங்கோ ஏற்றிப் போனார்கள். அறையில் காலிச் சாக்குகளை அடுக்கினார்கள். எனக்கு இரண்டு மில்லிலும் வேலை இல்லை என்றார்கள். மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போனதாக நினைவு. அவரைப் பார்த்ததும் சண்டை வரவில்லை. கண்ணெல்லாம் குழிந்துபோய், அவரும் இருமிக்கொண்டிருந்தார்.

"நான் என்னம்மா செய்யறது? முதலாளி சொல்றார். அவரைக் கேட்டா, அந்தக் கம்பெனிக்காரங்க தகராறில்லாத மில்லா இருந்தா வாங்கறோம்னு சொன்னாங்களாம். அவங்களைக் கேட்டா மில்லு எங்களுது இல்லைம்பாங்க. நீயே கேட்டியே அன்னிக்கு" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிச்சுட்டுப் போ" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்கா. இடுப்பில் பிள்ளை. "இங்க விட்டுட்டுப் போவட்டுமா?" என்றாள், இரண்டு மூச்சில். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது அதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

ஒற்றை அறையில் பிள்ளைகளைப் பார்த்த வீட்டுக்காரர், "ரயில்வேல கேட்டா என்ன சொல்றது?" என்றார். கேட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டரே வந்தார். "இது சரிப்பட்டு வராதும்மா. ஒண்ணு லைனுக்கு வந்துட்டா யார் பொறுப்பு?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் நடக்கிற பிள்ளைகளை எல்லாம் கட்டில் காலில் துணியால் கட்டிப் போடுவேன். அவை என்னைப் பார்த்துக் கத்தும். வண்டி போனதும் அவிழ்த்துவிடுவேன். மாஸ்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். என்னால் வைத்துக்கொள்ள முடிந்தது சில பிள்ளைகளைத்தான். மற்றவை மறுபடி விட்டத்தில் ஏணைக்குப் போயின.

அந்தக் கோடையில் அக்காவால் சல்லடையைப் பிடிக்க முடியாமல் போயிற்று. புருஷன் வந்து ஊருக்குக் கூட்டிப் போனான். பஸ் வரும் வரைக்கும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அக்கா அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "வரேன்" என்றாள். பிறகு அவர்களைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. பர்கூர்ப் பக்கத்து ஆட்களைப் பார்த்தால் விசாரித்திருக்கிறேன். ஊர் பெயர் சரியாகத் தெரியாமல் என்னவென்று விசாரிப்பது?

அடுத்த வருஷம் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. நான் உண்டாகியிருந்தேன். பிள்ளைகளை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தாய்மார்கள் கேட்டார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரியிடம் சொல்லிப் பார்த்தேன். தன் பிள்ளைகளையே சமாளிக்க முடியவில்லை என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

கிளம்புகிற அன்று காலையிலும் அவர்கள் எப்போதும் போலப் பிள்ளைகளோடு வந்தார்கள். வீடு காலியாக இருப்பது தெரிந்தும் வந்தார்கள். சாமான்களைப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு, மூட்டை மேல் உட்கார்ந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மில்லில் சங்கு ஊதியது. அவர்கள் பிள்ளைகளைத் திரும்ப வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, லைனைத் தாண்டி மில்லுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. வீட்டுக்காரர் பாத்திர மூட்டையை ஏற்றினார். நானும் ஏறினேன்.